விட்டுப் படித்த வரிகள்

காயல்பட்டினத்தில் எழுத்து தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. குர்ஆன் ஓதப் பழகியவர்கள் அந்த அரபு எழுத்திலேயே தமிழையும் படித்தார்கள், எழுதினார்கள். ஆனால் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன ஆண்களில் சிலர் தமிழ் எழுத்துக்கே பழகிப்போய், வீட்டுக்கும் அதிலேயே எழுதினார்கள். அப்படி ஒரு கடுதாசி வந்துவிட்டால், வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடுகிற முடுக்கு வழியாக எல்லாரும் ஜனாபா வீட்டுக்குத்தான் போவார்கள்.

ஜனாபாவின் வாப்பா ஏரலில் துணிக்கடை வைத்திருந்தவர். ஆண்பிள்ளை இல்லாததால் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவர் மவுத்தான பிறகு அந்த எழுத்துதான் தெருவில் அவளுக்கு ஒரு தனி மரியாதையைத் தேடித் தந்தது. ஒருத்தி வீட்டுக் கடுதாசியில் இருந்ததை இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள். படித்துக் கொடுத்ததற்கு ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டாள். தொழுகைக்குப் போகிற மாதிரி கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு, முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிப்பாள். "அடுத்தவுங்க பேச்சு நம்மள நம்பி வருது. அது நம்மகிட்ட ஒப்படைச்ச அமானத்துல்லா" என்பாள். பெண்களும் அப்படியே நம்பினார்கள்.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை காஜா முகைதீன் யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் வாயில் அதிகம் பேச்சு வராது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்தால், கிணற்றுக் கப்பியைச் சரிபண்ணுவார், கூரையில் ஓடு மாற்றுவார், மூன்று மாதத்தில் கப்பல் ஏறிவிடுவார். பிள்ளைகள் இல்லை. அவர் எழுதுவது ஒரு கார்டில் பாதிகூட வராது. 'நான் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.' அவ்வளவுதான். தெருப் பெண்கள் யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "அவுங்க சுபாவம் அது. பேசுனாத்தான் பாசமா?" என்று ஜனாபா சொல்லிவிடுவாள். அதை அவளும் நம்பித்தான் இருந்தாள்.

அடுத்த வீட்டு மைதீன் பாத்திமா ஜனாபாவுக்கு இரண்டு வயது இளையவள். சிறுவயதில் சேர்ந்து விளையாடியவர்கள்; ஜனாபாவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மாப்பிள்ளை நூகு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். 1911-ஆம் வருஷம் ஊருக்கு வந்து போன பிறகு, மாதம் தவறாமல் அவரிடமிருந்து கடுதாசி வரும். தபால்காரர் பூதத்தான் தெருமுனையில் நின்று, "கொழும்புக் கடுதாசி!" என்று குரல் கொடுத்தால், பாத்திமா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவாள்.

நூகு மற்றவர்களைப் போல எழுத மாட்டார். வீட்டுச் செலவு, உறவுக்காரர் ஸலாம் எல்லாம் எழுதி முடித்த பிறகு நாலைந்து வரி பாத்திமாவுக்கென்று மட்டும் எழுதுவார். 'இங்கே நேற்று நல்ல மழை. கடை வாசலில் நின்றுகொண்டு, நம் கிணற்றடியில் நீ வளையல் சத்தம் கேட்கத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொண்டேன். முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை.' இந்த மாதிரி. ஜனாபா அதைப் படிக்கும்போது பாத்திமா முக்காட்டால் முகத்தை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து முக்காட்டுக்குள்ளிருந்தே, "அந்த எடத்த இன்னொரு தரம் படிங்க ராத்தா" என்பாள்.

ஜனாபா படிப்பாள். அந்த வருஷம் முழுக்க ஒரு சொல் விடாமல் படித்தாள்.

மறுவருஷம் நோன்புப் பெருநாளைக்குக் காஜா முகைதீன் வருவதாக இருந்தது. ஜனாபா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவருக்குப் பிடிக்கும் என்று ஓட்டுமா பலகாரம் வறுத்து டப்பாவில் போட்டுவைத்தாள். பெருநாளைக்குப் பத்து நாள் இருக்கும்போது பூதத்தான் கார்டு கொண்டுவந்தார். 'நான் சுகம். இந்த வருஷம் வர வசதிப்படவில்லை. உன் சுகத்துக்கு எழுதவும்.' அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முகவரிதான் இருந்தது.

அதே தபாலில் நூகுவின் கடுதாசியும் வந்திருந்தது. கார்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும்போதே பாத்திமா சிரித்த முகத்தோடு முடுக்கு வாசலில் வந்து நின்றாள். ஜனாபா எழுந்து போய் உளூச் செய்துவிட்டு வந்து உறையைப் பிரித்தாள். செலவு, ஸலாம், பெருநாள் துணி எல்லாவற்றையும் படித்தாள். அதற்குக் கீழே அந்த வரிகள் இருந்தன. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மாடியில் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு தேயிலைத் தண்ணி குடித்ததைப் பற்றி எழுதியிருந்தார்.

ஜனாபா கடுதாசியை மடித்தாள்.

"அம்புட்டுத்தானா ராத்தா?"

"அம்புட்டுத்தான்."

பாத்திமா கீழே கிடந்த உறையை எடுத்தாள். பிறகு, "வேல ஜாஸ்தி போல. பெருநாள் யாவாரம்லா" என்று சொல்லிவிட்டுக் கடுதாசியை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ஜனாபாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மனசு ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேசுகிற பேச்சை மூன்றாவது ஆள் வாயால் சொல்வது வெட்கக்கேடு இல்லையா? இத்தனை நாள் படித்ததுதான் தப்பு. இனிமேல் அந்த மாதிரி வரிகளை விட்டுவிடுவதுதான் மானமுள்ள பெண்ணுக்கு அழகு. அப்படி நினைத்துக்கொண்டு அடுத்த மாதமும் விட்டாள். அதற்கடுத்த மாதமும் விட்டாள். உளூச் செய்வதை மட்டும் விடவில்லை.

நூகுவுக்குத் தமிழ் எழுத்துதான் ஓடும் என்பதால் பாத்திமாவின் பதிலையும் ஜனாபாதான் எழுதுவாள். முன்பெல்லாம் பாத்திமா சொல்லும்போது நிறையச் சொல்வாள். தென்னை பாளை விட்டது, பூனை குட்டி போட்டது, மாடியில் காற்று நன்றாக வருகிறது என்றெல்லாம் சொல்வாள். அவர் ஒன்றும் எழுதாதபோது தான் மட்டும் எப்படிச் சொல்வது என்று இப்போது கூச்சப்பட்டாள். "நான் சுகம்னு எழுதுங்க ராத்தா. ஒங்க சுகத்துக்கு எழுதுங்கன்னும் எழுதுங்க" என்றாள். ஜனாபா எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அது தன் வீட்டுக் கார்டு மாதிரியே இருப்பதைப் பார்த்தாள்.

1913 தொடக்கத்தில் ஒரு கடுதாசி வந்தது. அதன் கடைசிப் பத்தியைப் பின்னாளில் ஜனாபா பார்க்காமலே தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

'நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். பெரிய கடைக்கு முதலாளி ஆகவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. ஊரிலேயே சின்னதாக ஒரு கடை போட்டு, விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து உன் கையால் இடியப்பம் தின்று, சாயங்காலம் கடற்கரை மணலில் கொஞ்சம் காலாற நடந்தால் எனக்கு இந்த துனியாவில் அது போதும். உனக்குச் சம்மதம் என்றால் வாங்க என்று ஒரு சொல் எழுது. அடுத்த கப்பலில் ஏறுகிறேன். நீ எழுதாவிட்டால் உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வேன். அதற்காக வருத்தப்பட மாட்டேன்.'

ஜனாபாவின் கண் அந்த இடத்தில் நின்றது. எதிரே பாத்திமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது வெட்கப்படுகிற பேச்சு இல்லை, இது கேள்வி, இதற்குப் பதில் வேண்டும் என்று ஜனாபாவுக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டில் தினமும் மாப்பிள்ளை இருப்பார், இடியப்பம் வேகும், மாடியில் இரண்டு பேர் சிரிப்பார்கள் என்பதும் தெரிந்தது.

"அம்புட்டுத்தானா ராத்தா?"

"அம்புட்டுத்தான் பாத்திமா."

மறுநாள் சொல்லிவிடலாம், கடைசிப் பக்கம் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் பாத்திமா பதில் எழுதச் சொல்லி வந்தாள். ஜனாபா எழுதினாள். அந்தச் சொல்லை மட்டும் எழுதவில்லை. கடுதாசி தபாலில் போன பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த கடுதாசிகள் சிறுத்துப்போயின. ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் ஜனாபா உறையைப் பிரித்து, எந்த வரியை விடவேண்டும் என்று பார்வையை ஓட்டினாள். விடுவதற்கு ஒன்றுமில்லை. 'நான் சுகம். செலவுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாருக்கும் ஸலாம்.' அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் தாள்.

"அம்புட்டுத்தானா ராத்தா?" என்று பாத்திமா வழக்கம்போலக் கேட்டாள்.

"அம்புட்டுத்தான்" என்றாள் ஜனாபா. ஒன்றரை வருஷத்தில் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் உண்மை. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனின் வாயைத் தான் அடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு தன் தப்பைத் தானே மறைவாகச் சரிக்கட்டப் பார்த்தாள். பாத்திமா சொல்லாமலே, அவள் பெயரில் எழுதிய கடுதாசியின் அடியில் 'வாங்க' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பினாள். நூகுவின் பதில் வந்தபோது ஜெர்மனிக்காரனோடு சண்டை தொடங்கியிருந்தது. 'அன்றைக்கே எழுதியிருந்தால் வந்திருப்பேன். உனக்கு இஷ்டமில்லை என்று நினைத்து முதலாளிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.' பாத்திமா எழுதச் சொல்லாத சொல்லுக்கு வந்த பதில் அது. அதையும் அவளுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை. அதையும் விட்டாள்.

இதற்கிடையில் தெருவில் அவளுக்கு இருந்த மரியாதை ஏறிக்கொண்டேதான் போனது. மருமகளுக்குப் புத்தி சொல்கிற மாமியார்கள், "ஜனாபாவப் பாரு, மாப்புள்ள இல்லாம எம்புட்டு ஒழுக்கமா இருக்கா" என்றார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் தலைவலி என்று சொல்லிக் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

1915 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து வந்த வண்டிக்காரர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். இலங்கையில் பெரிய கலவரம், கொழும்பில் நம்மவர் கடைகளையெல்லாம் உடைக்கிறார்கள், கொளுத்துகிறார்கள், ஆள் சேதமும் உண்டு என்றார்கள். ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. கொழும்பிலிருந்து தபால் இல்லை. பாத்திமா அழவில்லை. தொழுதாள். தொழுத நேரம் போக, சுளவை எடுத்துவைத்துக்கொண்டு சுத்தமாக இருந்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

மூன்று நாள் ஜனாபா தன் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அந்த மனிதர் மவுத்தாகிப்போயிருந்தால் அவரைக் கொன்றது கலவரக்காரன் மட்டுமில்லை. நாலாவது நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு முடுக்கு வழியாகப் பாத்திமா வீட்டுக்குப் போனாள்.

"பாத்திமா, ஒன் மாப்புள்ள ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே ஊருக்கு வந்துருதேன்னு எழுதுனாங்க."

"யாருக்கு எழுதுனாங்க?"

"ஒனக்குத்தான். வாங்கன்னு ஒரு சொல்லு எழுது, அடுத்த கப்பல்ல வாரேன்னு எழுதியிருந்தாங்க. நான் அதப் படிக்கல."

"படிக்கலைன்னா? கண்ணு தெரியலையா ராத்தா?"

"நல்லாத் தெரிஞ்சிது. தெரிஞ்சேதான் விட்டேன். அதுக்கு முன்னாலயும் விட்டிருக்கேன். ஒனக்குன்னு எழுதுனதையெல்லாம் விட்டிருக்கேன்."

சுளவில் இருந்த கை நின்றது. வெளியே யாரோ மீன்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். பாத்திமா சுளவைக் கீழே வைத்தாள்.

"ஏன் ராத்தா?"

ஜனாபா எத்தனையோ காரணம் யோசித்து வைத்திருந்தாள். வெட்கம், மானம், மூன்றாவது ஆள் வாய் என்று எல்லாம் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"எனக்கு அப்படி யாரும் எழுதல, பாத்திமா" என்றாள்.

பாத்திமா எழுந்து உள்ளே போனாள். போய்விடு என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று நினைத்து ஜனாபாவும் எழுந்தாள். ஆனால் பாத்திமா ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே நாலு வருஷத்துக் கடுதாசிகள். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவள் ஒவ்வொன்றையும் வந்த வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தாள். "இது மழையில நனைஞ்சது. இது பெருநாளைக்கு முந்துனது. இதுலதான் மொதல்ல அம்புட்டுத்தான்னு சொன்னிய" என்று எடுத்துப் போட்டாள். "ஒக்காருங்க. இதுலேருந்து படிங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ வெரல வச்சுப் படிங்க."

ஜனாபா உட்கார்ந்து, விரலை வைத்துப் படித்தாள். தேயிலைத் தண்ணியையும் மாடியையும் கடலையும் பற்றி எழுதியிருந்த வரிகள் வந்தன. பாத்திமா முக்காட்டை இழுத்து முகத்தை மூடவில்லை. கண் விரலின் மேலேயே இருந்தது. படித்து முடித்ததும், "இன்னொரு தரம்" என்றாள்.

அப்படி ஒன்பது நாள் மத்தியானம் போனது. காய்ச்சலாகக் கிடந்தபோது பாத்திமா கஞ்சி வைத்துக் கொடுத்ததைப் பற்றி ஒன்று. பாத்திமா தைத்த சட்டையிலிருந்து ஒரு நூல் தன் பெட்டிக்குள் வந்துவிட்டதைப் பற்றி ஒன்று. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்கிற மாதிரி அந்த மனிதர் அவற்றை எழுதியிருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருடைய வார்த்தைகளை அவர் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து தன் வாயால் சொல்லவேண்டியிருந்தது. 'வாங்க என்று ஒரு சொல் எழுது' என்ற இடம் வந்தபோது ஜனாபாவின் விரல் வரி மாறிப்போனது. பாத்திமா அந்த விரலைப் பிடித்து மறுபடி வரியில் வைத்தாள். அந்த ஒன்பது நாளும் அவள் ஜனாபாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

பத்தாவது நாள் காலையில் நூகு வந்துவிட்டார். தூத்துக்குடியில் இறங்கி, மாட்டுவண்டியில் ஆத்தூர் ஆற்றைத் தாண்டி, யாரோ கொடுத்த சட்டையோடு வந்தார். இடது கையில் பெரிய கட்டு. இரண்டு விரல் போய்விட்டது. "கட போச்சு. நான் வந்துட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னாராம். பாத்திமா அப்போதுதான் அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஜனாபா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து நூகு இரண்டு சீலா மீனைப் பனையோலையில் கட்டி எடுத்துக்கொண்டு ஜனாபா வீட்டு வாசலுக்கு வந்தார். பாத்திமா கூடவே வந்திருந்தாள். ஜனாபா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஜனாபா ராத்தா, இத்தன வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்கதான் படிச்சிய, எழுதுனிய. அல்லா அதுக்கு ஒங்களுக்கு நல்ல கூலி தருவான். இந்த மீன வாங்கிக்கோங்க. இப்ப என்னால இதுதான் முடிஞ்சிது" என்றார்.

ஜனாபா கதவிடுக்கு வழியாகப் பாத்திமாவைப் பார்த்தாள். பாத்திமாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திருப்பவில்லை. ஜனாபா வாயைத் திறந்தாள். பாத்திமா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

நூகு போன பிறகு பாத்திமா கதவை விலக்கி உள்ளே வந்தாள். "நான் சொல்லல. நீங்களும் சொல்லாதிய. கையும் போயி, கடயும் போயி வந்திருக்காங்க. அந்தப் பேச்சு எங் காதுக்கே வரலைன்னு தெரிஞ்சா அவுங்களுக்கு இன்னும் வலிக்கும். ஒங்களுக்காக இல்ல ராத்தா. அவுங்களுக்காக" என்றாள்.

அந்த மீனை ஜனாபாவால் ஆக்க முடியவில்லை. ஓலையோடு கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் மாப்பிள்ளைக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக அவளும் அவருக்கு 'நான் சுகம்' என்றுதான் எழுதியிருக்கிறாள் என்று அப்போது நினைவுக்கு வந்தது. அவர் எழுதவில்லை என்று இருந்தாளே தவிர, தான் எழுதவில்லை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. முதல் தடவையாக நாலு பக்கம் எழுதினாள். கிணற்றுக் கப்பி மறுபடி கிறீச்சிடுகிறது என்று எழுதினாள். நீங்கள் கூரையில் ஏறி நிற்கும்போது கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும் என்று எழுதினாள். தான் செய்த காரியத்தையும் மறைக்காமல் எழுதினாள். ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. 'நான் சுகம். கடுதாசியை மூன்று தரம் படித்தேன். எனக்கு எழுத வராது. வருகிறேன்.' சந்தோஷப்படவேண்டிய இடத்தில் அவளுக்கு வெட்கம்தான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்த ஒன்றுக்காகவா அடுத்த வீட்டிலிருந்து எடுத்தோம் என்று இருந்தது.

காஜா முகைதீன் 1917-இல் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். முன்பு போலவே அதிகம் பேசவில்லை. சாப்பிடும்போது உப்பு குறைவு என்பார், வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் பாயை விரித்து அவளையும் உட்காரச் சொல்வார். நூகு மூன்று விரல் கையோடு மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கடை போட்டு உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் பாத்திமா வீட்டிலிருந்து மூடிய தட்டில் ஏதாவது வரும். ஜனாபாவும் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டாள். ஆனால் பாத்திமா ஜனாபாவின் வாசற்படியை மிதித்தது அந்த மீன் கொண்டுவந்த நாளோடு சரி.

தெருப் பெண்கள் கடுதாசியோடு வருவது மட்டும் நிற்கவில்லை. ஜனாபா ஒவ்வொருத்தியையும் முதலில் உட்காரவைத்து, "நான் ஒருத்திக்கு ரெண்டு வருசம் பொய்யாப் படிச்சிருக்கேன். வேணும்னேதான் படிச்சேன். அதத் தெரிஞ்சுக்கிட்டு கடுதாசியக் குடு" என்பாள். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டாள். சிலர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் கடுதாசியை நீட்டினார்கள். முக்காட்டுக்குள் கடுதாசியை மறைத்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஜனாபா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் முடுக்கைத் தாண்டிப் போகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள்.